குழாய்க்குள் சிக்கிய காற்று

"மூச்சு பேச்சே இல்ல," என்றார் வீட்டுக்காரர், குளியலறைச் சுவரில் ஒட்டிய காதை எடுக்காமல்.

குடியிருந்த பெண் டார்ச்சை அணைத்தாள். "அப்ப குழாய் குணமாயிடுச்சா சார்?"

"குணமாகாம? கை வெச்சது யாரு!"

மாடித் தொட்டியிலிருந்து சுவரை ஒட்டி இறங்கும் இரும்புக் குழாய் அது. வீட்டை விலைக்குப் பார்க்க யார் வந்தாலும், டங்டங்கென்று அலறி விரட்டிவிடும். பிளம்பரைக் கூப்பிடலாமே என்றவர்களை வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்தார். இந்த வீட்டைச் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டியவர் அவர். அதாவது, கொத்தனார் கட்டும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவர்.

"ஓடற தண்ணிய சட்டுனு நிறுத்தினா அது குழாய்ல போய் முட்டும். குழாயைச் சுவரோட பிடிச்சிருக்கிற கிளாம்ப் லூசா இருந்தா கேக்கவே வேணாம். எல்லாத்தையும் முடுக்கிட்டேன். இனி இது வாயில்லாப் பூச்சி."

"உங்களுக்குத் தெரியாததே இல்ல சார்."

வீடு விலைபோனால் அவள் குடும்பம் காலி செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். அப்படியும் முகம் சுளிக்காமல் டார்ச் பிடிக்கிறாளே! எல்லாம் திறமைக்குக் கிடைக்கிற மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"உங்க மாமியாரை எங்க காணோம்? முட்டிவலின்னு உக்காந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாங்களே?"

"மொட்டைமாடியில துணி காயப்போடறாங்க சார்."

"ஊர்ல எல்லாம் மருமகளை மாமியார் வேலை வாங்குவா. இங்க தலைகீழா இருக்கே!"

வாசலில் கார் வந்து நின்றது. வீடு பார்க்க வந்தவர் கூடத்தில் கால் வைத்தாரோ இல்லையோ, டங்... டங்... டங்!

வீட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்தார். "ஒண்ணுமில்ல, மெயின் வால்வை மூடினா பெட்டிப் பாம்பா அடங்கிடும்."

குளியலறைக்கு ஓடிப்போய் மூடினார். குழாயைத் திருகினால் ஒரு சொட்டு வரவில்லை. டங்டங் மட்டும் குறையவில்லை. சொல்லப்போனால் தாளக்கட்டு கூடியிருந்தது.

"தண்ணியே இல்லையே, அப்புறம் என்ன முட்டுது?" என்றார் வந்தவர்.

"காத்து! உள்ள சிக்கின காத்து. விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்."

விஷயம் தெரியாதவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்பதுபோல வந்தவர் விறுவிறுவென்று காருக்கு நடந்தார்.

சத்தம் விடவில்லை. வீட்டுக்காரர் சுவரையே பார்த்தபடி நின்றார். முடுக்குவதற்கு இனி அதில் எதுவும் பாக்கி இல்லை.

"என் கைக்கே அடங்கலைன்னா இது சாதாரணக் காத்து இல்லம்மா. விக்கிற பேச்சை விட்டுட்டேன். நீங்கதான் இந்தச் சத்தத்துக்குப் பழகிட்டீங்களே, நீங்களே இருங்க."

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு."

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை மரியாதையாக நின்றாள். பிறகு மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அத்தை, போதும்! சுத்தியலைக் கீழ வெச்சிட்டு இறங்கி வாங்க!"