சர்க்கரைக்கு மண்வெட்டி

"ஏம்ப்பா ஐயாவு, வயசான மனுஷன் மண்ணு வெட்டுறாரு. நீ வரப்புல நின்னு வேடிக்கை பாக்குறியே, வெக்கமா இல்ல?"

நான்தான் கேட்டேன். சும்மா போக என் வாய்க்குத் தெரியாது.

வயலில் வேட்டியை மடித்துக் கட்டி வெட்டிக்கொண்டிருந்தவர் சிவசாமி சார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நிலம் அவருடையது. ஐயாவு குத்தகைக்காரன். அப்பன் காலத்திலிருந்து அவனுக்கு அந்தப் பத்து மா நிலந்தான் சோறு. ஆனால் பேப்பரில் ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு.

சார் மூச்சு வாங்கச் சிரித்தார். "அவனைத் திட்டாதீங்க நாகநாதன். எனக்கு சுகர் முந்நூறு. வெறும் நடை பத்தாது, பளுவும் தூக்கணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் இறங்கும்னுட்டாரு டாக்டர். கும்பகோணத்துலேருந்து நடந்து வர்றேன். அப்புறம் மண்வெட்டி."

"ஜிம்முக்குப் போகலாமே சார்?"

"நம்ம மண்ணு இருக்கையில ஜிம் எதுக்கு?"

ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சார் கைக்குத் தோதாக மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டான். உர மூட்டை தூக்கப் பழக்கினான். அவர் கோணலாக வெட்டிய வரப்பை, அவர் போனபிறகு சரிசெய்தான். அவன் பெண்டாட்டி மலர்கொடி தினமும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சார் மகன் செல்போனில் படம் எடுப்பான். "டாக்டர்கிட்ட காட்டணும். ஐயாவு, நீ வரப்புல ஏறி நில்லு."

ஆறே மாதத்தில் சுகர் நூற்றுப்பத்து. ஐயாவு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான், பைத்தியக்காரன்.

போன வாரம் அவனுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. படிக்கத் தெரியாது. என்னிடம் ஓடிவந்தான்.

"குத்தகையைப் பதிஞ்சு தர்றேன்னு சார் சொல்லியிருந்தாருண்ணே. அதுவாத்தான் இருக்கும். படிங்க."

பிரித்தேன். கோர்ட்டில் சார் போட்ட மனுவின் நகல்.

'மேற்படி நிலத்தில் எவருக்கும் குத்தகை உரிமை இல்லை. மனுதாரர் தம் சொந்த உடலுழைப்பால் சாகுபடி செய்துவருகிறார். ஆதாரம்: முப்பத்திரண்டு புகைப்படங்கள்.'

அடப்பாவி, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாயா இது!

"என்னண்ணே போட்டிருக்கு? பதிஞ்சுட்டாங்களா?"

கண் கடைசி வரிக்குப் போனது.

'ஐயாவு வேலை செய்யாமல் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்ததை நேரில் கண்டு கண்டித்தவர், முதல் சாட்சி: நாகநாதன்.'