பக்கத்தில் வந்து உட்காரும் ஸ்வரம்

"கருவி கோளாறா, கிழவருக்குக் காது கோளாறான்னு பார்த்துட்டு வந்து சொல்லு. காதுன்னா, இன்னையோட வேற ஆளை வச்சுக்கறேன்."

இப்படிச் சொல்லித்தான் பொம்மலாட்டத் தியேட்டர் டைரக்டர், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மெடெரை அனுப்பியிருந்தார். சனிக்கிழமை புது நாடகம். இசைக் குறிப்பு இன்னும் பாதிகூட வந்து சேரவில்லை.

பிஷ்கெக் நகரம் முழுக்கப் பனி. நாலாவது மாடி ஏறி மணியடித்தான். இசையமைப்பாளர் அசன்பெக் கதவைத் திறந்ததுமே கத்தினார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனா? ஷூவைக் கழட்டு. இந்தச் சனியனைச் சரி பண்ணு, இல்லேன்னா ஜன்னல் வழியா வீசிடுவேன்!"

"என்ன பண்ணுது அகாய்?" பெரியவர்களை அழைக்கும் அந்த ஊர் மரியாதையோடு கேட்டான் மெடெர்.

"கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கினா ஸ்க்ரீன்ல ஒரு ஸ்வரம்தானே விழணும்? பக்கத்துல இன்னொண்ணு தானா வந்து உட்காருது."

"வீட்ல எஜே எதையும் தொடலையே?"

"என் பெண்டாட்டி புருலா? அவ பஜாருக்குப் போயிருக்கா. நான் மட்டும்தான் இருக்கேன்."

மெடெர் உட்கார்ந்து கட்டைகளை வரிசையாக அமுக்கிப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக விழுந்தன.

"நீங்க வாசிங்க."

கிழவர் வாசித்தார். நாலாவது ஸ்வரம் தப்பு. சங்கீதம் தெரியாத மெடெருக்கே காதில் உறுத்தியது. 'காதுதான் போயிருக்கு. பழியை மெஷின் மேல போடறார்' என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த நொடி, அந்தத் தப்பு ஸ்வரத்தின் பக்கத்தில் இன்னொன்று வந்து விழுந்தது. ஸ்பீக்கரில் ஒலித்தது. அதுதான் சரி.

கிழவரின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

மெடெர் கீபோர்டு வயரைப் பிடுங்கினான். "இப்ப மவுஸால ஒண்ணு போடுங்க."

போட்டார். மறுபடி தப்பு.

பிடுங்கிய வயர் மெடெர் கையில் தொங்கிக்கொண்டிருக்க, திரையில் சரியான ஸ்வரம் வந்து உட்கார்ந்தது.

அவன் அவசரமாக செட்டிங்ஸைத் திறந்தான். இரண்டாவதாக ஒரு கீபோர்டு, வயரில்லாதது, இணைந்திருந்தது. அதற்கு யாரோ பெயர் வைத்திருந்தார்கள்: ஏர்மெக்.

"ஏர்மெக் யாரு அகாய்?"

கிழவரின் குரல் தணிந்தது. "என் மகன். கணவாய்ல கார் உருண்டுது. மூணு வருஷமாச்சு."

"அவரோட கீபோர்டு?"

"அவன் அறையில இருக்கு. பூட்டியே கிடக்கு. யாரும் போறதில்லை."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி ஒருமுறை மின்னி அணைந்தது.

"டீ போடறேன்" என்று கிழவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கால்கள் அடுத்த அறைக்கதவுக்குப் போயின. உள்ளே சத்தமில்லை. லேசாகத் தள்ளினான். கதவு பூட்டியிருக்கவில்லை.

திரை போட்ட அரையிருட்டில், கட்டில் ஓரத்தில், கோட்டும் கம்பளித் தலைக்குட்டையுமாக ஓர் உருவம். மடியில் சின்னக் கீபோர்டு.

மெடெர் கத்த வாயெடுத்தான்.

"உஷ்!" என்றது உருவம். "நான்தான் புருல். கத்தாதே, தம்பி. நான் பஜாருக்குப் போயிட்டதா நினைச்சுக்கிட்டிருக்கார்."

"எஜே… நீங்களா?"

"அவருக்குக் காது போயிடுச்சு. எல்லாம் தப்பா வாசிக்கிறார். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். நான் இங்கேருந்து சரியானதைப் போட்டுடறேன். ராத்திரி அவர் தூங்கினப்புறம் தப்பை மட்டும் அழிச்சுடுவேன். சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம். மெஷின்தான் கோளாறுன்னு சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மெடெர் தலையாட்டினான். டீ குடித்தான். "பழைய சாஃப்ட்வேர் அகாய், இதைச் சரி பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

இரண்டாவது மாடியில் பின்னால் செருப்புச் சத்தம். கிழவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"டைரக்டர்கிட்ட என்ன சொல்லப் போறே?"

"மெஷின் கோளாறுன்னுதான்."

"வேண்டாம். என் காது போச்சுன்னே சொல்லிடு."

"அகாய்! வேலை போயிடுமே?"

"போகட்டும். மெஷின்னு சொன்னா நாளைக்கே புதுசு அனுப்பிடுவாங்க. அந்த ரெண்டாவது கீபோர்டு அதுல இணைஞ்சிருக்காது." மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ பெரிய பியானோக்காரி, தம்பி. பிள்ளை போனதுலேருந்து ஒரு கட்டையைத் தொட்டதில்லை, அந்த அறைப் பக்கமே போனதில்லை. போன மாசம் நான் கை தவறி ஒண்ணு தப்பா வாசிச்சேன். பொறுக்க முடியாம உள்ளே போய்த் திருத்தினா. அன்னையிலேருந்துதான் தப்பாவே வாசிச்சுக்கிட்டிருக்கேன்."