மஞ்சள் பிளாஸ்டிக்

"நாலே நாலு ஸ்க்ரூ. கழட்டினா பத்து நிமிஷத்துல படம் எடுத்துட்டு நானே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன். அதுக்கு இவ்வளவு யோசனையா?"

டீச்சர் கேட்டார். பார்க்காரர் துடைத்த டம்ளரையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலை நேரம். பாரில் ஈ, காக்கை இல்லை. நாற்காலிகள் மேஜைகள் மேல் கவிழ்ந்து கிடந்தன.

ரிட்டயர் ஆனதிலிருந்து டீச்சருக்கு இதுதான் வேலை. விடிந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நகரம் வாரத்துக்கொரு முகம் மாற்றிக்கொண்டிருந்தது. போன மாதம் பார்த்த தையல் கடை இந்த மாதம் செல்போன் கடை. அச்சகம் இருந்த மூலையில் ஆளுயரக் கண்ணாடி. எல்லாம் போவதற்குள் படமாகவாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு பதைப்பு.

அதிலும் இது அவர் பிறந்து வளர்ந்த தெரு. ரயில் நிலையம் வருகிறதென்று அடுத்த மாதம் இந்த வரிசையையே இடிக்கப் போகிறார்கள். முப்பத்தொரு கடையில் முப்பதை எடுத்தாயிற்று. பாக்கி இந்த 'அண்ணன் தம்பி பார்' மட்டும்தான்.

அதன் பழைய போர்டு டீச்சருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தகரத்தில் கையால் வரைந்த படம். தோள்மேல் கை போட்டபடி இரண்டு வாலிபர்கள், கடையைத் தொடங்கிய அண்ணனும் தம்பியும். அண்ணன் கையில் உயர்த்திப் பிடித்த கோப்பை, முகம் கொள்ளாத சிரிப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டீச்சரும் தங்கையும் அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது அதன் மேல் பளபளவென்று, நாலு ஸ்க்ரூவில் முடுக்கிய ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் போர்டு. மூன்று வருடமாக.

"சொல்லுங்க தம்பியண்ணே."

எழுபது வயதானாலும் தெருவுக்கு அவர் தம்பிதான். சின்னப் பிள்ளைகளுக்குத் தம்பியண்ணே; அவர் அண்ணன் பெரியண்ணன். டீச்சருக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

"பிளாஸ்டிக்னா லைட் போட்டதும் தூரத்துல இருந்தே தெரியும் டீச்சர். வியாபாரம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அடுத்த மாசம் கடையே இருக்காது. இனிமே என்ன வியாபாரம்?"

அவர் அடுத்த டம்ளரை எடுத்தார்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "பெரியண்ணன் இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பீங்களா? அவர் கண்ணை மூடின வருஷமே அவர் முகத்தையும் மூடிட்டீங்க. கடை முழுசா உங்க கைக்கு வந்துடுச்சுன்னு ஊருக்குக் காட்டணுமாக்கும்!"

டம்ளர் துடைத்த கை ஒரு கணம் நின்றது.

"அப்படியே வெச்சுக்கங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் விடுவிடுவென்று வெளியே வந்தார். எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில்தான் பெரியண்ணனின் மனைவி இருக்கிறார், டீச்சருக்கு அக்கா. அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷன் தட்ட முடியாது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மெல்லச் சிரித்தார்.

"வேண்டாம்மா. விட்டுடு."

"உங்க வீட்டுக்காரர் முகம்க்கா அது!"

"அதுதான் இந்த ஜன்னலுக்கு நேரா இருக்கே." அக்கா மடித்த துணியை ஓரமாக வைத்தார். "குடிச்சுக் குடிச்சுத்தானே போய்ச் சேர்ந்தார்? ஆஸ்பத்திரியில கடைசி மாசம் அந்த முகம் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும், கூடவே கிடந்த தம்பிக்குத் தெரியும். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறக்கிறேன்... எதிர்ல கோப்பையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறார்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சாத்திட்டேன். ஏழெட்டு மாசம் திறக்கவே இல்லை. என்ன புழுக்கமானாலும் சரி. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கு? ஒரு நாள் காலையில வெளியே டிரில் சத்தம். இடுக்கு வழியா எட்டிப் பார்த்தா, இவன் ஏணி மேல நிக்கிறான். ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். தானே ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டிருக்கான். முடுக்கி முடிச்சதும் திரும்பி இந்த ஜன்னலைத்தான் பார்த்தான்."

ஜன்னல் விரியத் திறந்திருந்தது. காற்று வந்தது. எதிரே வெயிலில் மஞ்சள் பிளாஸ்டிக் கண்ணைக் கூச வைத்தது.

டீச்சர் கேமராவை எடுத்தார். முப்பது கடைகளுக்கும் காட்டாத நிதானத்தோடு, அந்த பிளாஸ்டிக்கை இருக்கிறபடியே ஒரு படம் எடுத்தார்.

"கீழே போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்க்கா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"ஐயையோ! போய் எதையாவது உளறி வெச்சுடாதே" என்று பதறினார் அக்கா. "வியாபாரத்துக்காகத்தான் மாட்டினேன்னு என்கிட்டயும் சொல்லியிருக்கான். மூணு வருஷமா நானும் அதை நம்பிக்கிட்டு இருக்கேன்!"