தாளில் முளைத்தது

தீபாவளி விடுமுறையில் பெய்த அடைமழை அலமாரிக்குள் ஒழுகியிருந்தது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்தக் காப்பகத்தில், நனைந்த தாள்களுக்கெல்லாம் சுகிர்தா விஷமருந்து பூசிக்கொண்டு வந்தாள். பூச்சியோ பூஞ்சையோ, தாளில் உயிரென்று எதுவும் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் காத்துவந்த விதி அதுதான். நூறு வருஷத்துக்கு முன் பறித்த ஒரு செடியின் தாளைப் பிரித்ததும் தூரிகை நின்றுவிட்டது. அந்தச் செடியைத் தேடி அவள் ஏறாத மலையில்லை. அது பூண்டோடு அற்றுப்போனதென்று கட்டுரை எழுதியவளும் அவள்தான். இப்போது அதன் காய்ந்த காயிலிருந்து வெளிறிய முளையொன்று எட்டிப்பார்த்தது. வேர் தாளைத் துளைத்து, பழைய தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தது.

"என்ன மேடம், பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் உதவியாளர் மஸ்தான்.

"முளைச்சிருக்குண்ணே."

அவர் குனிந்து பார்த்தார். "ஐயையோ! உலகத்துலயே இந்த ஒரு தாள்தானே இருக்கு? முளையப் பிடுங்கினா செடி நொறுங்கிடும். விட்டா ஈரத்துல மக்கிடும். சட்டுனு மருந்த வைங்க மேடம்."

"இந்த முளையும் உலகத்துலயே ஒண்ணுதாண்ணே."

தூரிகை நுனியில் மருந்து ஒரு சொட்டாகத் திரண்டு, முளைக்கு நேர் மேலே தொங்கியது. சுகிர்தா இன்னொரு கையை அதன் அடியில் ஏந்தினாள்.