மலைக்கோழியின் வளை

ஈரச் சாக்கின் வாயை ஆல்ஃபர்ட் அவிழ்த்ததும் பெண் தவளை வெளியே வந்து அமர்ந்தது. இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டிய அளவு.

கரீபியன் கடலில் உள்ள மொன்செராட் தீவில் அதற்கு மலைக்கோழி என்றுதான் பேர். ஒரு காலத்தில் கல்யாணப் பந்தியில் பொரித்துப் போடுவார்கள்.

எரிமலை வெடித்தது. பிறகு தவளைகளுக்கு நோய் வந்தது. காட்டிலாகாவுக்குத் தெரிந்து மிஞ்சியவை இரண்டுதான். மலைக்கு அந்தப் பக்கப் பள்ளத்தில் இந்தப் பெண். இந்தப் பக்கம் ஓடைக்கரை வளையில் ஓர் ஆண்.

பொழுது சாய்ந்தது. வளைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஹூப். சற்று நின்று, மறுபடியும் ஹூப்.

பெண் தலையைத் தூக்கிக் கேட்டது. வளையை நோக்கி ஒரு தாவு தாவியது.

ஆல்ஃபர்ட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

அது மெல்லத் திரும்பி, வந்த மலையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"போச்சு," என்றாள் ஜாய்ஸ்லின். அவன் மனைவியின் தங்கை, காட்டிலாகாவில் கூட வேலை பார்ப்பவள். "போன வாரமும் இதே கூத்துதான். மகாராணிக்கு அவ பள்ளம்தான் வேணும்."

"அவன் எவ்வளவு நாளா கூப்பிடுறான், பாவம்."

"கூப்பிட்டா போதுமா அத்தான்? ஒரு நாளாவது எந்திரிச்சு அவ பக்கம் போனானா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊரைச் சாம்பல் மூடிய வருடம் அவள் அக்கா மெர்லின் இங்கிலாந்துக்குப் போனாள். லெஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் ஆல்ஃபர்ட் போன் போடுவான். கூரை மாற்றிவிட்டேன், மா காய்க்கிறது, வந்துவிடு என்பான். நீ இங்கே வாயேன் என்பாள் அவள். காட்டை யார் பார்ப்பது என்பான்.

ஆல்ஃபர்ட் கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டு, சேற்றில் குப்புறப் படுத்து வளைக்குள் கையை விட்டான்.

குரல் நின்றது.

"என்ன பண்றீங்க?"

"இவனை அங்க கொண்டுபோறேன்."

"வளையை விட்டா பொழைப்பானா?"

"தெரியல."

ஆண் தவளை காலை உதறியது, மண்ணைப் பற்றிக்கொண்டது. அவன் அவசரப்படவில்லை. பிடி தளரும்வரை காத்திருந்து வெளியே எடுத்தான்.

"அவளை நீ தூக்கிக்க."

மலை ஏறி இறங்கி, பெண்ணின் பள்ளத்தில் இரண்டையும் அருகருகே விட்டார்கள். இரண்டும் அசையவில்லை. ஆணிடமிருந்து சத்தமே இல்லை.

திரும்பும் வழியில் அவன் சொன்னான்: "நாளைக்கு சாயங்காலம் வந்து கேட்டுப் பாரு. கூப்பிடுறானான்னு."

"ஏன், நீங்க வரலையா?"

அவன் டார்ச் ஒளியைத் தரையில் அடித்தபடி முன்னால் நடந்தான்.

வீட்டில், கட்டில்மேல் நேற்றே அடுக்கிய பெட்டி திறந்து கிடந்தது. மேலாக, மெர்லின் தன் முதல் குளிர்காலத்தில் அனுப்பிய கம்பளிச் சட்டை. விலைச்சீட்டு இன்னும் அதில் தொங்கியது.

விமானம் காலையில். மெர்லினிடம் அவன் இன்னும் சொல்லவில்லை.