மண் போட்டுக் கழுவிய கை

தேக்கா மார்க்கெட்டுக்குப் போன செல்லக்கண்ணு, அப்படியே தங்கை வீட்டிலும் உட்கார்ந்து பேசிவிட்டு மதியம்தான் திரும்பினாள். கூடையோடு கொல்லைப் பக்கம் நுழைந்ததும் அவளுக்குப் பகீரென்றது.

அவள் நாய் மிங் சொட்டச் சொட்ட நனைந்து குழாயடியில் கிடந்தது. பக்கத்திலேயே குந்தியிருந்த அடுத்த வீட்டு நாகூர் கனி, மண்ணை அள்ளி முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

மிங் பெக்கினீஸ் ஜாதி. சப்பை மூக்கு, பிதுங்கிய கண், தரையைக் கூட்டுகிற முடி. சாங்கியில் அவள் புருஷன் பரமசிவம் சமையல் செய்துபோட்ட வெள்ளைக்கார துரை, சீமைக்குத் திரும்பும்போது அவனிடம் விட்டுப்போனது. செல்லக்கண்ணு அதற்குத் தினமும் தலைவாரி, சோற்றில் ஈரல் பிசைந்து, பிள்ளை மாதிரி வளர்த்தாள். தெருவுக்கே தெரியும். அவளேதான் சொல்லியிருக்கிறாள்.

கனிக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. வாசலில் வந்தால் போதும், "பிடிச்சுக்கம்மா, தொழப் போறவன் மேல எச்சில் வச்சிடப் போகுது" என்று ஒதுங்கிவிடுவார்.

இன்று வெள்ளிக்கிழமை வேறு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. நாய் வாய் வைத்திருக்கும், மனுஷன் தண்ணீரை ஊற்றி அடித்திருக்கிறார். இதுகூடவா புரியாது?

"வாயில்லா ஜீவனை இப்படிப் பண்ண எப்படி மனசு வந்துச்சு பாய்? உங்களுக்கு அது நாய். எனக்குப் பிள்ளைலா."

அவர் இன்னொரு கை மண்ணை அள்ளினார். அது அவளை இன்னும் கிளப்பிவிட்டது.

"எவ்வளவு மண்ணு போட்டுத் தேய்ச்சாலும் இந்தப் பாவம் போகாது."

கனி கையை அலசி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சத்தம் போடாதம்மா. இப்பத்தான் அதுக்கு மூச்சே வருது."

ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தாராம். நாக்கு நீலமாகத் தொங்கியதாம். வாய்க்குள் விரலை விட்டு நுரையை வழித்து, தண்ணீர் ஊற்றி, மூச்சு திரும்பும்வரை மடியிலேயே வைத்திருந்தாராம்.

"சப்பை மூக்குல்ல, சூடு தாங்காது. எச்சில் பட்டா நாங்க மண்ணு போட்டுக் கழுவணும்மா. வேற ஒண்ணுமில்ல."

சந்தில் பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கனி ஜும்மாவைத் தவறவிட்டு அவள் பார்த்ததே இல்லை. குனிந்து மிங்கை வாரி எடுத்தாள். அதன் நெஞ்சு இன்னும் படபடத்தது. ஆத்திரம் திரும்ப வந்தது.

"இதைக் கொண்டுபோய் வெயில்ல விட்ட பாவி யாரு பாய்?"

கனி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"யாரும் விடலம்மா. நிழல்தான் நகர்ந்துபோச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். துணி காயப்போடும் கொடிக்கம்பத்தைச் சுற்றி நல்ல வெயில். பாய் வீட்டு வாசலுக்குப் போய்விடக் கூடாதே என்று காலையில் மிங்கை அவள் கட்டிவைத்துப் போன பழைய சேலைத்துண்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.