பல்லி போட்ட ஆமாம்

காகம் என்ன சேதி கரைந்தாலும், ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி "ச்சுக்" என்று ஆமாம் போட்டால்தான் அந்த வீட்டுக் குருவிகள் நம்பும். அந்தப் பெருமையில் பல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காகம், "குருவி முட்டையை அணில் தின்னுட்டுது!" என்று கத்தியது. எட்டிக்கூடப் பார்க்காமல் பல்லி "ச்சுக்" என்றது. குருவிகள் பாய்ந்து அணிலைக் கொத்தித் துரத்தின.

மாலையில் பார்த்தால் காகத்தின் அலகில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது. பல்லி சுவரோரம் ஓடிவந்து கேட்டது:

"நீயா தின்னே, பாவி?"

"தின்னது நான்தான். கொத்த வச்சது நீயில்லையா?" என்று சிரித்தது காகம்.

பல்லி குருவிகளிடம் ஓடியது. "அணில் தின்னலே தாயி, காகம்தான். நான் பார்க்காமலே சொல்லிட்டேன்."

"காகம் அப்படி ஒண்ணும் சொல்லலையே? அது சொன்னதுக்கு ஆமாம் போடறதுதானே உன் வேலை?" என்றது தாய்க்குருவி.

வெளியே காகம் அடுத்த சேதியைக் கரைந்தது. குருவிகள் அத்தனையும் பல்லியின் வாயையே பார்த்தன.